நான்காவது பரிசோதனை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. நான்கு மாதம் முன்பு, பழக்கமான ஒரு பெண்ணுடன் ஒரே ஒருமுறை உறவு கொண்டேன். ஆணுறை அணிந்திருந்தேன். கிழியவில்லை, கழன்றுவிடவும் இல்லை. மறுநாள் என் விரலில் சின்னதாக ஒரு வெட்டுக்காயம் இருப்பதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு எச்.ஐ.வி. வந்துவிட்டது என்ற பயம் பிடித்துக்கொண்டது. 28ஆம் நாள், 45ஆம் நாள், 90ஆம் நாள் என்று மூன்று முறை நான்காம் தலைமுறைப் பரிசோதனை செய்துவிட்டேன். மூன்றும் நெகட்டிவ். ரிப்போர்ட் வந்த அன்று மட்டும் தூங்குகிறேன். தொண்டைக் கரகரப்பு போகவில்லை, நாக்கு வெள்ளையாக இருக்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் அவளுடைய ரிப்போர்ட்டைத் தினமும் கேட்டேன். என் எண்ணை பிளாக் செய்துவிட்டாள். எதையோ மறைக்கிறாள் என்றுதானே அர்த்தம்? எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. நான்காவது முறை பரிசோதித்துப் பார்க்கட்டுமா? கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் இதைச் சொல்ல வேண்டுமா? இந்த நோயோடு வாழ்வதைவிடச் செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள தம்பி,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது எழுதும் வேகத்தில் வந்த வரி இல்லை, ராத்திரிகளில் உண்மையாகவே வரும் எண்ணம் என்றால், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் யாரையாவது எழுப்புங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. “மனசு சரியில்லை, கொஞ்சம் பக்கத்தில் இரு” என்றால் போதும். விடிந்ததும் மனநல மருத்துவர். மற்றதெல்லாம் அப்புறம்.

சரி. விரல் காயத்தை விட்டுவிடுங்கள், அதில் பேச ஒன்றுமில்லை. எச்சில், வியர்வை வழியாக இது பரவுவதில்லை. உடலைவிட்டு வெளியே வந்த வைரஸ் சீக்கிரமே வலுவிழந்துவிடும். ஆணுறை கிழியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆணுறையே இல்லாமல், தொற்று இருக்கும், மருந்து எடுக்காத ஒரு பெண்ணுடன் யோனிவழி உறவு கொள்ளும் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பை, 10,000 உறவுகளுக்குச் சுமார் 4 என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணித்திருக்கிறது. இது சராசரி. இருவரில் ஒருவருக்கு வேறு பால்வினை நோய் இருந்தாலோ, எச்.ஐ.வி. உள்ளவருக்கு அது சமீபத்தில்தான் தொற்றியிருந்தாலோ வாய்ப்பு கூடும். ஆகவே இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆணுறையைத் தூக்கிப்போட யாரும் கிளம்பிவிட வேண்டாம். நீங்கள் ஆணுறை அணிந்தீர்கள். அந்தப் பெண்ணுக்குத் தொற்று உண்டு என்பதற்கும் உங்கள் பயத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

(இதைப் படிக்கும் வேறு யாருக்காவது ஆணுறை உண்மையிலேயே கிழிந்திருந்தால், தயங்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது.)

இப்போது பரிசோதனை. நான்காம் தலைமுறைப் பரிசோதனை ரத்தத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுகிறது. ஒன்று, வைரஸின் பி24 என்ற புரதம். இன்னொன்று, அதை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்தால் 18 முதல் 45 நாளுக்குள் தொற்று தெரிந்துவிடும். நீங்கள் 90ஆம் நாளும் செய்துவிட்டீர்கள். உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லை. நான்காவது பரிசோதனை வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதைத்தான் நான் கொஞ்சம் இழுத்துப் பேச வேண்டியிருக்கிறது. இதைப் படித்த மறுகணமே உங்கள் மனம் “அவர் என்ன டாக்டரா?” என்று கேட்டிருக்கும். டாக்டரே சொன்னாலும், “அவர் ரிப்போர்ட்டைச் சரியாகப் பார்த்தாரா?” என்று கேட்கும். ரத்தக் குப்பி மாறியிருக்குமோ, லேப்பில் பெயரைத் தப்பாக ஒட்டியிருப்பார்களோ, லட்சத்தில் ஒருவனுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியுமாமே, அந்த ஒருவன் நானாக இருந்தால்? இந்தக் கேள்விகளுக்கு எந்த ஆய்வகமும் பதில் தர முடியாது, ஏனென்றால் இவை ரத்தத்தைப் பற்றிய கேள்விகளே அல்ல. முதல் ரிப்போர்ட் உங்களுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் கொடுத்தது. மூன்றாவதும் அதே ஒரு ராத்திரிதான் கொடுத்தது. நான்காவது எதைக் கூடுதலாகக் கொடுத்துவிடும்? சொறியச் சொறிய அரிப்பு அடங்குவதுபோல இருக்கும், கையை எடுத்ததும் முன்னைவிட அதிகமாக அரிக்கும். ஒவ்வொரு தடவை போய்ச் சரிபார்க்கும்போதும் “இது சரிபார்க்க வேண்டிய விஷயம்தான்” என்று மனசுக்கு நீங்களே பாடம் நடத்துகிறீர்கள்.

கழுத்து நெறியும் அப்படித்தான். காலையில் எழுந்ததும் இரண்டு விரலால் தாடைக்குக் கீழே அழுத்திப் பார்ப்பீர்கள். பல் தேய்க்கும்போது ஒரு தடவை, குளிக்கும்போது ஒரு தடவை. மத்தியானத்துக்குள் அந்த இடம் கன்றிப்போய் வலிக்க ஆரம்பிக்கும். அந்த வலியையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு மறுபடி அழுத்துவீர்கள். கண்ணாடி முன் நின்று, போன் வெளிச்சத்தில் நாக்கை நீட்டிப் பார்க்கிறீர்கள்தானே? வாய் உலர்ந்தாலே நாக்கு வெளுக்கலாம். பயத்தில் வாய் உலரும், வயிறு கலங்கும், இரவில் வியர்க்கும், எடை குறையும். இணையத்தில் தேடினால் இவை அத்தனையும் எச்.ஐ.வி. அறிகுறிப் பட்டியலில் இருக்கும். தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிலருக்கு வருகிற காய்ச்சலும் தொண்டை வலியும் நெறிகட்டும்கூட எந்த வைரஸ் காய்ச்சலிலும் வருகிறவைதான். உடம்பைத் தடவிப் பார்த்து இந்த நோயை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இனி உங்களைத் திட்ட வேண்டிய இடம். அந்தப் பெண்ணிடம் தினமும் ரிப்போர்ட் கேட்டேன் என்று ஏதோ நியாயத்தைக் கேட்டதுபோல எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ரிப்போர்ட்டை அவளுக்கு அனுப்பினீர்களா? உங்களிடமிருந்து தனக்கு ஏதாவது வந்திருக்குமோ என்று அவளும் பயப்படலாம் என ஒரு நிமிடமாவது நினைத்தீர்களா? உங்களை நம்பி வந்த ஒருத்தியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தித் தினம் விசாரணை நடத்தினால் அவள் எண்ணைத் தடுக்காமல் என்ன செய்வாள்? அவள் எதையும் மறைக்கவில்லை. உங்களிடமிருந்து தப்பித்திருக்கிறாள். இன்னொரு எண்ணிலிருந்து மன்னிப்புக் கேட்கக்கூடப் போகாதீர்கள், விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. என் நண்பர் ஒருவர் சமீபத்தில் பணி ஓய்வு பெற்றார். தனக்கு எச்.ஐ.வி. இருப்பது அவருக்குத் தெரிந்தது தொண்ணூறுகளின் இறுதியில். அந்த நாட்களை நான் சில வாரங்களாக நினைத்துக்கொண்டே இருந்தேன். முதல் முறை அவருடன் ஒரு மருத்துவமனைக்குத் துணைக்குப் போனேன். மேசையில் இருந்த அவருடைய ஃபைலை, அங்கே இருந்தவர் கையால் தொடவில்லை. பேனா முனையால் எங்கள் பக்கம் தள்ளினார். அது வெறும் காகிதம், தம்பி. நண்பர் அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேனாவால் தள்ளியவரும் பயத்தில்தான் அப்படிச் செய்தார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1987இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓடியது. அரிவாள் ஏந்திய மரண உருவம், வரிசையாக நிற்கும் குடும்பங்களை, பவுலிங் விளையாட்டின் கட்டைகளைப்போலப் பந்தை உருட்டிச் சாய்க்கும். அதே சமயம் பிரிட்டனில் ‘எய்ட்ஸ்’ என்று கல்லறைக் கல்லில் செதுக்கிக் காட்டினார்கள். அன்று நோயை அடக்கிவைக்கும் மருந்து இல்லை, எப்படியாவது எச்சரிக்க வேண்டியிருந்தது, சரி. ஆனால் 1996 வாக்கில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து நோயின் கதையே மாறியது. இன்று பலருக்குத் தினம் ஒரு மாத்திரை. மருந்தால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றுவதில்லை. இதைச் சோதித்துப் பார்த்த ‘பார்ட்னர்’ என்ற ஆய்வின் இரண்டாம் கட்டம் 2019இல் வெளியானது. அதில், ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்து, அதுவும் மருந்தால் இப்படி அடங்கியிருந்த 782 ஆண்-ஆண் ஜோடிகள். ஆணுறை இல்லாத உறவுகள் ஏறக்குறைய 76,000. துணையிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூட இல்லை. மருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டது, நீங்கள் இன்னும் அந்தக் கல்லறைக் கல்லின் முன் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

என் நண்பர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். அவ்வளவுதான். இப்போது அவர் புலம்புவது முழங்கால் வலியைப் பற்றி. “இந்த நோயோடு வாழ்வதைவிட” என்று நீங்கள் எழுதிய வாழ்க்கை அவருடையது. அதில் சண்டைகள் உண்டு, வேலையில் பதவி உயர்வு உண்டு, மருந்துக்கு அலைந்த கஷ்டமான வருஷங்களும் உண்டு. அதைச் சாவைவிடக் கீழே வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

உங்கள் கடிதத்தின் சாரத்தை, நீங்கள் யாரென்று தெரியாதபடி அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பையன் சாப்பிடுறானா?” என்று கேட்டார்.

கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய உறவுகளை அவளிடம் சொல்வதும் சொல்லாததும் நீங்கள் தெளிந்த பிறகு, உங்கள் இருவருக்குள் முடிவாக வேண்டியது. இந்த மனநிலையில் சொல்லாதீர்கள். இப்போது சொன்னால் அவள் வாயிலிருந்து “உனக்கு ஒன்றும் இல்லை” என்று கேட்பதற்காகத்தான் சொல்வீர்கள். அதுவும் இன்னொரு பரிசோதனைதான்.

உங்களுக்கு இருப்பது பதற்ற நோயாகவோ, ஒரே எண்ணமும் சரிபார்ப்பும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ண சுழற்சி நோயாகவோ (ஓ.சி.டி.) இருக்கலாம். அதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. சரிபார்க்க வேண்டும் என்ற துடிப்பு எழும்போது சரிபார்க்காமல் அதைக் கடந்துபோகப் பயிற்சி தருவார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள், அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி போன்ற, உறவின் வழியே பரவும் மற்ற நோய்களைப் பார்க்க வேண்டுமா என்பதையும் ஒரே ஒரு மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, போடாவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் வாய் வராது, எனக்குத் தெரியும். எனக்கு எழுதிய கடிதத்தையே அச்செடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டுங்கள். மூன்று ரிப்போர்ட்டுகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.