ஷூ வாங்கித் தரும் அப்பாக்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 16, 13 வயதில் இரண்டு பையன்கள். ஸ்னீக்கர் என்றால் உயிர். ஆனால் பார்ப்பதெல்லாம் லோகோவும் கலரும்தான். பெரியவனின் பழைய ஷூ 8 சைஸ், கச்சிதமாக இருந்தது. ஆன்லைனில் வேறு கம்பெனியில் அதே 8 வாங்கினால் விரலைக் கடிக்கிறது. இவர்களுக்கு என்னவெல்லாம் சொல்லித் தர வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் அளவெடுக்கக் கற்றுக்கொடுங்கள். நாள் முழுக்க நடந்தபின் பாதம் சற்று உப்பியிருக்கும்; அதனால் சாயங்காலம்தான் சரியான நேரம். சுவரை ஒட்டித் தரையில் ஒரு வெள்ளைத்தாள். ஷூவுக்குப் போடும் அதே சாக்ஸோடு, குதிகால் சுவரைத் தொட நிற்கட்டும். கட்டைவிரலோ அதற்கடுத்த விரலோ, எது நீண்டிருக்கிறதோ அதன் நுனியில் கோடு போட வேண்டும். பென்சில் செங்குத்தாக இருக்கட்டும். சாய்ந்தால் அளவு தவறிவிடும். அண்ணனுக்குத் தம்பியும் தம்பிக்கு அண்ணனும் கோடு போடலாம், தானே குனிந்தால் பாதம் நகரும். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலைக் கணக்கில் எடுங்கள்.

இனி பெட்டியின் ஓரத்து லேபிள். யூகே, யூஎஸ் எண்களோடு சிஎம் (சென்டிமீட்டர்) அல்லது ஜேபி (ஜப்பான் அளவு) என்றும் ஓர் எண் இருக்கும். பாதத்தின் நீளத்தைச் சொல்வது அதுதான். நைக்கியின் ஆண்கள் அட்டவணையில் யூகே 8 என்பது 27 செ.மீ.; அடிடாஸ் அட்டவணையில் அதே யூகே 8 என்பது 26.5 செ.மீ. உங்கள் மகனைக் கடிப்பதும் இப்படிப்பட்ட அரை சென்டிமீட்டராகத்தான் இருக்க வேண்டும். சைஸ் எண்ணை மறந்துவிட்டு சென்டிமீட்டரைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். போட்டு நின்றால் விரல் நுனிக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு செ.மீ. இடம் வேண்டும், நடந்தால் குதிகால் மேலே எழும்பக் கூடாது.

சின்னவன் வளர்கிற வயதில் இருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். ‘வளர்கிற பிள்ளைதானே’ என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். பாதம் உள்ளே வழுக்கிக் குதிகாலில் கொப்புளம் போடும், இறங்கும்போது நகம் முன்பக்கம் மோதும். விலை உயர்ந்த ஜோடி, கால் வளர்வது நிற்கும்வரை காத்திருக்கட்டும்.

அடுத்து, எந்த ஷூ எதற்கு என்பது. நைக்கியில் 1982-இல் வந்த ஏர் ஃபோர்ஸ் 1-உம் 1985-இல் வந்த ஏர் ஜோர்டன் 1-உம் கூடைப்பந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய கணக்கில் கனமானவை, அடியில் மெத்தென்ற தன்மை குறைவு. கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் அருமை. அவற்றைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடக் கூடாது. ஓடுவதற்கு இலேசான ஃபோம் நடு சோல் (பாதத்துக்கும் அடித்தகட்டுக்கும் நடுவிலுள்ள மெத்தை) உள்ள ஓட்ட ஷூ வேண்டும். கடையில் முன்னும் பின்னும் பிடித்து வளைத்துப் பார்க்கட்டும்: விரல்கள் மடங்கும் இடத்தில் ஷூவும் மடங்கினால் நல்லது, நடுப்பாதத்தில் மடங்கினால் வேண்டாம்.

பையன்கள் ஷூவைக் கெடுப்பது பெரும்பாலும் கழற்றும்போதுதான். லேஸை அவிழ்க்காமல், ஒரு காலால் இன்னொரு குதிகாலை மிதித்து உருவுவார்கள். குதிகாலைச் சுற்றித் துணிக்குள் விறைப்பான ஒரு பட்டை இருக்கிறது. அது ஒருமுறை மடிந்து உடைந்தால் நிமிராது. அப்புறம் ஷூ குதிகாலைப் பிடிக்காது, உள் துணியும் அங்கேதான் முதலில் கிழியும். இந்த ஒரு பழக்கத்தை மட்டுமாவது கண்டிப்போடு மாற்றுங்கள்.

கேள்வி: பத்து வருடம் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த ஷூவை மகனுக்குக் கொடுத்தேன். முதல் நாளே அடி பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. ஒட்டித் தர முடியுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: முடியாது. அந்த நடு சோல் பாலியூரிதேன் என்ற ஃபோமாக இருந்திருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல அறுக்கும்; ஷூவைப் போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். 1988-இல் விற்ற ஏர் ஜோர்டன் 3 ஜோடிகளையும் இன்று போட்டு நடக்க முடியாததற்கு இதுவே காரணம். பொடியின் மேல் எந்தப் பசையும் நிற்காது.

அடித்தகடு மட்டும் பிரிந்து, ஃபோம் உறுதியாக இருந்தால் கதை வேறு. பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். ரப்பர் ஒட்டும் பசையை இரு பக்கமும் மெல்லிதாகத் தடவி, விரலில் பிசுபிசுக்கும்வரை 10–15 நிமிடம் காயவிட்டு அழுத்துங்கள். ஒரு நாள் முழுக்கக் கட்டிவையுங்கள். உடனே ஒட்டும் சொட்டுப் பசை வேண்டாம். அது கல்லாக இறுகி, மடங்கும் இடத்தில் விரிசல் விடும்.

கேள்வி: வெள்ளை கேன்வாஸ் ஷூ துவைத்தால் மஞ்சள் படிகிறதே?
– வாசகி, மதுரை

பதில்: சோப்பு முழுதாகப் போகவில்லை. துணி காயும்போது மிச்சமிருக்கும் சோப்பும் அழுக்கும் மேற்பரப்புக்கு ஏறி ஓரங்களில் படிகின்றன. லேஸையும் உள் அட்டையையும் கழற்றி, காய்ந்த மண்ணை முதலில் பிரஷால் தட்டிவிடுங்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் ஷாம்பூ போதும். பழைய டூத்பிரஷால் தேய்த்து, நுரை நிற்கும்வரை அலசுங்கள். ஈரத்தோடு வெள்ளை டிஷ்யூ பேப்பரை மேலே ஒட்டி, உள்ளேயும் அடைத்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். மஞ்சள் கறை பேப்பருக்குப் போய்விடும். செய்தித்தாளை அடைக்காதீர்கள், அதன் மை வெள்ளையில் இறங்கும். கடும் வெயிலில் வைத்தால் பசை இளகும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். மெத்தென்ற சுவேட் தோலுக்கு இந்த முறை ஆகாது. அதற்குக் காய்ந்த பிரஷும் பென்சில் ரப்பரும்தான்.

கேள்வி: ‘மேட் இன் இந்தியா’ என்று போட்ட நைக்கி போலிதானா?
– மாணவர், வேலூர்

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறிலேயே நைக்கிக்கு ஷூ தயாராகிறது. நாக்குப் பட்டைக்குள் இருக்கும் லேபிளின் மாடல் எண்ணும் பெட்டியின் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு அந்த எண்ணை இணையத்தில் தேடி, வரும் படத்தின் நிறமும் தையலும் கையிலுள்ள ஷூவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண் பொருந்தாவிட்டால் வாங்க வேண்டாம். பொருந்தினாலும் அசல் என்று உறுதியாகாது. லேபிளையும் சேர்த்தே காப்பியடிக்கிறார்கள். பில்லும் மாற்றித் தரும் வசதியும் இல்லாத கடையில் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.