கீசர் கேள்விகள்: உப்புத் தண்ணீர், சொட்டும் வால்வு, பூட்டிக் கிடந்த வீடு

ஐப்பசி மழை தொடங்கியதும் கீசர் கேள்விகள் வரிசைகட்டி வந்துவிட்டன. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. கடற்கரை ஓரம் உப்புத் தண்ணீர். தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்தில் பல போர்வெல்களில் சுண்ணாம்புத் தண்ணீர். குலசேகரம் போய்விட்டால் கொஞ்சம் சோப்புக்கே நன்றாக நுரைக்கிற கிணற்றுத் தண்ணீர். ஒரே மாடல் கீசரை மூன்று இடத்திலும் மாட்டினால் மூன்றும் மூன்று விதமாகக் கெடும். அதனால் கேள்வி அனுப்பும்போது ஊர் பெயரோடு கிணறா, போரா, பஞ்சாயத்துக் குழாயா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: கீசர் ஓடும்போது ஷவர் குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று பிடிக்கிறது. எர்த் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். பயப்பட வேண்டுமா?

பயப்படத்தான் வேண்டும். இதைப் படித்ததும் கீசரின் எம்சிபியை, அதாவது மின்பெட்டியில் உள்ள பிரேக்கரை, இறக்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

தண்ணீரைச் சூடாக்குகிற காயிலின் மேலுறை வெடித்துத் தண்ணீருக்குள் கரண்ட் கசிகிறது என்பதுதான் முதல் சந்தேகம். எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தக் கசிவு அந்த வழியாகவே போயிருக்கும், உங்கள் கைக்கு வந்திருக்காது. ஆக எர்த் கம்பி சுவரில் இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. வெளியே எர்த் குழியில் பைப்போடு சேரும் இடத்தில் போல்ட் துருப்பிடித்துக் கம்பி தனியாகத் தொங்குவதை நிறைய வீடுகளில் பார்க்கலாம். பழைய வீடுகளில் இரும்புக் குழாயே ஓரளவுக்கு எர்த் வேலையைப் பார்த்தது. இப்போது எல்லாமே பிளாஸ்டிக் குழாய், அந்தத் துணையும் போய்விட்டது.

காயிலை மெகர் (கரண்ட் கசிவைக் காட்டும் மீட்டர்) வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த்தைச் சரிசெய்யுங்கள். அப்புறம் கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடுங்கள். இது மூன்றும் முடிகிற வரைக்கும் வெந்நீர் அடுப்பில்தான்.

குளச்சல் வாசகி: வாங்கி நாலு வருஷம்கூட ஆகவில்லை, 25 லிட்டர் கீசரின் டேங்க் ஒழுகுகிறது. போர் தண்ணீர், கொஞ்சம் உப்பு கரிக்கும். புதுசுதான் வாங்க வேண்டும் என்கிறார்கள். புதியதும் இப்படி ஆகாமலிருக்க என்ன செய்வது?

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். அடி மூடியைக் கழற்றினால் காயில் மாட்டிய தட்டு தெரியும். அந்தத் தட்டின் ஓரத்தில் கசிந்தால் அது வெறும் கேஸ்கெட் (தட்டுக்கு அடியில் உள்ள ரப்பர் வளையம்), மாற்றிவிட்டுப் போகலாம். தட்டு காய்ந்திருக்க, உள் டேங்கைச் சுற்றியுள்ள ஃபோமிலிருந்து துருக்கலர் தண்ணீர் சொட்டினால் டேங்க் ஓட்டை. வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். வெல்டிங் சூட்டில் உள்ளே பூசிய எனாமல் உதிர்ந்து, அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி ஓட்டை விழும்.

இனி புதியது. எனாமல் பூசிய இரும்பு டேங்க் உள்ள கீசர்களுக்குள் மெக்னீசியம் ராடு ஒன்று இருக்கும். ஆனோட் ராடு என்பார்கள். விரல் பருமன்தான், பெரும்பாலும் காயில் தட்டிலேயே மாட்டியிருக்கும். இது எதையும் சூடாக்காது, அரிபடுவதுதான் இதன் வேலை. எனாமலில் எங்காவது ஊசிமுனை அளவு விரிசல் இருந்தாலும் தண்ணீர் இரும்பைத் தின்னப் பார்க்கும். மெக்னீசியம் இரும்பைவிடச் சீக்கிரம் கரையும் உலோகம், அதனால் அரிப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ராடு இருக்கும் வரை டேங்க் இருக்கும். ராடு கரைந்து தீர்ந்த அன்றிலிருந்து டேங்கின் முறை.

உப்புத் தண்ணீரில் கரண்ட் எளிதாக ஓடும் என்பதால் ராடு வேகமாகக் கரையும். நல்ல தண்ணீரில் சில வருஷம் வருகிற ராடு உங்கள் ஊரில் ஒரு வருஷத்தில் முடிந்துபோகலாம். ஆகவே முதல் வருஷம் முடிந்ததும் கழற்றிப் பாருங்கள். புதிதில் வழவழப்பாக இருந்தது, கறையான் தின்ற குச்சி மாதிரி குழிகுழியாக இருக்கும். பாதி பருமனுக்குக் கீழே போயிருந்தாலோ, நடுவில் உள்ள இரும்புக் கம்பி தெரிய ஆரம்பித்திருந்தாலோ உடனே மாற்றுங்கள். ராடின் விலை சில நூறு ரூபாய், கீசரின் விலை பல ஆயிரம். ஆனாலும் சர்வீஸ் என்று வருகிறவர்களில் பலர் வெளியே துடைத்துவிட்டு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைத் திருகிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ராடைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டாதவருக்கு சர்வீஸ் சார்ஜ் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் வாங்கினால் தொல்லை விட்டது என்று கடையில் சொல்வார்கள். சாதாரணத் தண்ணீருக்குச் சரி. குளோரைடு அதிகமுள்ள தண்ணீரும் சூடும் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் வெல்டு ஓரத்தில் ஊசித் துளைகள் விழும். கடலோர வீட்டுக்கு எனாமல் டேங்கும், மறக்காமல் மாற்றும் ராடும்தான் என் தேர்வு. வெளி உடம்பு தகரமாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், உப்புக்காற்றுக்குத் தகரம் தாங்காது. தண்ணீரை ஒருமுறை சோதித்தும் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். அது குடிக்கிறதுக்கான கணக்குதான், இருந்தாலும் அதைத் தாண்டினால் ராடு விஷயத்தில் அசட்டை கூடாது.

ஆரல்வாய்மொழி வாசகர்: கீசர் போட்டால் கடகடவென்று சத்தம். சூடாக முன்பைவிட ரொம்ப நேரம் ஆகிறது. கரண்ட் பில்லும் ஏறிவிட்டது.

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சத்தத்துக்குக் காரணம் சுண்ணாம்பு. காயிலின் மேல் வெள்ளையாகப் படிந்து, அதற்கடியில் மாட்டிய தண்ணீர் கொதித்து வெளியேறும் சத்தம் அது. இதனால் காயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் அளவுக்கு மீறிக் காய்ந்து, ஒருநாள் வெடிக்கும். தண்ணீரை முழுக்க வடித்துக் காயிலைக் கழற்றி, சிட்ரிக் ஆசிட் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். ஒரு ராத்திரியில் பெரும்பாலும் உதிரும். கத்தியால் சுரண்டக் கூடாது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட் கூடவே கூடாது, அது சுண்ணாம்போடு காயிலையும் சேர்த்துத் தின்னும். டேங்கின் அடியில் மணல் மாதிரி கிடப்பதையும் அலசி வெளியேற்றுங்கள். திரும்ப மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைப் போடாதீர்கள்.

நேரம் ஆவதற்கு வேறு காரணம் தேட வேண்டும். 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 0.6 யூனிட் வேண்டும். 2000 வாட் கீசருக்கு அது 17, 18 நிமிஷ வேலை. வோல்டேஜ் 190 ஆக இறங்கினால் அதே காயில் 1400 வாட்கூடத் தராது, 25 நிமிஷம் ஆகிவிடும். சூடாக்கும் நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்கள். அதன் குழல் மேல் சுண்ணாம்பு படிந்தால் தண்ணீர் சூடாகும் முன்பே அணைந்து அணைந்து எரியும்.

பில் விஷயத்தில் சுண்ணாம்பைக் குறை சொல்ல முடியாது. காயில் எடுக்கிற கரண்ட் எப்படியும் சூடாகத் தண்ணீருக்குத்தான் போகிறது. காலையில் போட்ட சுவிட்சை ராத்திரி வரை அணைக்காமல் விடுகிறீர்களா என்று வீட்டில் விசாரியுங்கள். தெர்மோஸ்டாட்டை 75-ல் வைத்திருந்தால் 55-க்கு இறக்குங்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் சூடு ஏற ஏறப் படிவும் கூடும் என்பதால் இதில் ரெட்டை லாபம்.

மார்த்தாண்டம் வாசகர்: கீசர் வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிளம்பர் ஒரு மூடி போட்டு அடைத்துவிட்டார். இப்போது சொட்டவில்லை.

அந்த மூடியை இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். அந்தச் சொட்டும் வால்வுதான் கீசர் வெடிக்காமல் காக்கிற வழி.

தண்ணீர் சூடானால் விரியும். 27-லிருந்து 60 டிகிரி வரும்போது 25 லிட்டர் தண்ணீர் சுமார் 300 மில்லிக்கு மேல் கூடும். பின்னோக்கிப் போக விடாத வால்வு குளிர்நீர்க் குழாயில் இருந்தால் அந்த அதிகத் தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லை, சேஃப்டி வால்வு வழியாகத்தான் சொட்டும். சூடாகும்போது மட்டும் சொட்டி, அப்புறம் நின்றால் எல்லாம் சரி. ஒரு சின்னக் குழாயை மாட்டி வடிகாலுக்கு இறக்கிவிடுங்கள். நாள் முழுக்க ஒழுகினால் வால்வின் வாயில் மணலோ சுண்ணாம்போ சிக்கியிருக்கும், அல்லது வால்வு தேய்ந்திருக்கும், மாற்றுங்கள்.

வீட்டில் பிரஷர் பம்ப் போட்டிருக்கிறீர்களா? பத்து மீட்டர் உயர டேங்கிலிருந்து வருகிற அழுத்தம் ஒரு பார்தான். பம்ப் அதற்கு மேல் எவ்வளவு ஏற்றுகிறது, உங்கள் கீசர் எவ்வளவு தாங்கும் என்பதைக் கீசரின் தகட்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தக்கலை வாசகி: நாங்கள் வெளிநாட்டில். வருஷத்துக்கு ஒருமுறை வருவோம். வீடு திறந்து வெந்நீர்க் குழாயைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம்.

தேங்கிய தண்ணீரில் சில கிருமிகள் பெருகி, தண்ணீரிலுள்ள சல்ஃபேட்டை நாற்ற வாயுவாக மாற்றுகின்றன. மெக்னீசியம் ராடு அதற்குத் துணைபோகிறது. தண்ணீரை முழுக்க வடித்து, புதுத் தண்ணீர் நிரப்பி, ஒருமுறை 65 டிகிரிக்கு மேல் சூடாக்கி, எல்லா வெந்நீர்க் குழாய்களிலும் திறந்துவிடுங்கள். சூடு அதிகம், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். நாற்றத்துக்காக ராடைக் கழற்றி எறிவது வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தால் அலுமினியம்-துத்தநாக ராடு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. பல வாரம் சும்மா கிடந்த கீசருக்குள் ஹைட்ரஜன் வாயு சேரலாம். அது தீப்பிடிக்கும். வந்த அன்றைக்குச் சுவிட்சைத் தொடும் முன் வெந்நீர்க் குழாயைச் சில நிமிஷம் திறந்துவிடுங்கள், அந்த நேரம் ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கு, தீக்குச்சி வேண்டாம். காற்று சீறுவது நின்று தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்ச். டேங்க் நிரம்பாமல் போட்டால் காயில் வெறும் காற்றில் காய்ந்து நிமிஷத்தில் போய்விடும், அதற்கும் இதே பழக்கம் காவல். ஊருக்குக் கிளம்பும்போது எம்சிபியை இறக்கி, கீசரை வடித்துவிட்டுப் போவது உத்தமம்.

குலசேகரம் வாசகர்: எங்கள் கிணற்று வெள்ளம் (தண்ணீர்) நல்ல வெள்ளம், உப்பு கிடையாது. ஆனால் குளியலறை டைல்ஸில் பச்சை நீலக் கறை.

செம்பு கரைகிறது. வெட்டுக்கல் பூமியின் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம் புளிப்புப் பக்கம், அதாவது அமிலத்தன்மைப் பக்கம் இருக்கும். சுண்ணாம்பு படியாது, அதனால் நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடுகிறோம். அது உலோகத்தை மெல்ல மெல்ல அரிக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6.5-க்குக் கீழே இருந்தால், சுண்ணாம்புக்கல் துண்டு நிரப்பிய வடிகட்டி ஒன்றைக் கீசருக்கு முன்னால் வைக்கலாம். அடுத்த முறை காயில் மாற்றும்போது செம்புக் காயிலுக்குப் பதில் இன்கலாய் (நிக்கல் கலந்த உலோகக் கலவை) காயில் கேளுங்கள்.

கன்னியாகுமரி வாசகர்: சோலார் வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையாமே?

தொல்லை மாறும், போகாது. உப்புக்காற்றில் ஸ்டாண்டு துருப்பிடிக்கும், கண்ணாடிக் குழாய் மேல் உப்புப் படலம் கட்டும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், வெயிலில் காய்ந்திருக்கும்போது மட்டும் வேண்டாம், கண்ணாடி வெடிக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. மின்சாரக் காயில் ஒன்று துணைக்கு இல்லாமல் முடியாது. பல சோலார் டேங்குகளுக்குள்ளும் மெக்னீசியம் ராடு உண்டு. மொட்டைமாடியில் இருப்பதால் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

இரணியல் வாசகர்: கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டலாமா?

கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டமுள்ள வெளிப்புறத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள்.

ராஜாக்கமங்கலம் வாசகி: நேற்று வரை ஓடிய கீசரில் இன்று விளக்கே எரியவில்லை. காயில் போயிருக்கும், மொத்தமாக மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

மெக்கானிக் கீசரைத் திறந்தே பார்க்காமல் சொல்லியிருக்கிறார் போல. முதலில் பிளக் பாயின்ட்டில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 16 ஆம்பியர் பிளக்கின் உள்ளே முனை கருகிப்போவது சாதாரணம். கரண்ட் வந்தால், எம்சிபியை இறக்கிவிட்டு அடி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மிஞ்சிச் சூடானால் தானாக அணைக்கிற கட்-அவுட் ஒன்று இருக்கும், நிறைய மாடல்களில் அதில் சின்னதாகச் சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் கிளிக் என்று உள்ளே போகும், கீசர் உயிர் பெறும். மறுநாளே திரும்ப அணைந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும். அதை விட்டுவிட்டுத் தினமும் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் உயிர் வரவில்லை என்றால் காயிலுக்கு வாருங்கள். அப்போதும் காயிலை மட்டும் மாற்றினால் போதும், டேங்க் நன்றாக இருக்கும்போது கீசரை மாற்ற என்ன அவசியம்?