கேளுங்கள், சொல்கிறோம்: முடிவை எப்படிச் சொல்வது?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் வழங்குவதற்கான பயிற்சிக்கு என்னை அனுப்புகிறார்கள். ரத்தம் எடுப்பது பழகிய வேலைதான். எதிரில் இருப்பவரிடம் முடிவைச் சொல்ல வேண்டுமே என்று நினைத்தால்தான் நடுக்கமாக இருக்கிறது. பயிற்சியில் எதை முக்கியமாகக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: முடிவு சொல்வதன் பாரம் உங்களுக்குப் புரிந்திருப்பதால்தான் அந்த நடுக்கம் வருகிறது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் நிலையத்தில் விரல் நுனி ரத்தத்தில் செய்வது முதற்கட்டச் சோதனை மட்டுமே. அதில் எதிர்வினை தெரிந்தால், நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனைக்கும் பரிசோதனைக்குமான அரசு மையம்) மூன்று வெவ்வேறு சோதனைகள் செய்துதான் தொற்றை உறுதிசெய்வார்கள். ஆகவே "உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. "இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, இன்னும் சில சோதனைகள் செய்து பார்க்க வேண்டும்" என்று சொல்லி, எங்கே, யாரைப் பார்ப்பது என்பதையும் கையோடு ஏற்பாடு செய்து கொடுங்கள். சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் பலர் வழியிலேயே திரும்பிவிடுவார்கள்.

சோதனை அட்டையைக் கையாளுவதை ஓரிரு நாளில் கற்றுவிடலாம். குறித்த நேரத்துக்கு முன்போ பின்போ முடிவைப் படிக்கக்கூடாது, கட்டுப்பாட்டுக் கோடு தெரியவில்லை என்றால் அந்தச் சோதனை செல்லாது என்ற இரண்டில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பேச்சைக் கற்பதற்குத்தான் நாளாகும். நான் நடத்திய ஒரு வகுப்பில் அனுபவம் மிக்க செவிலியர் ஒருவர், சக பயிற்சியாளரை நோயாளியாகப் பாவித்து, பதிவேட்டைப் பார்த்தபடியே முடிவைச் சொன்னார். எதிரே இருந்தவர் கேட்டது ஒன்றுதான்: "என் பேரு இருக்கிற பக்கத்தை ஏம்மா திறந்தே வெச்சிருக்கீங்க?" அன்று வகுப்பில் இருந்த ஒருவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஒத்திகையில் கூச்சப்படாமல் நோயாளியின் நாற்காலியிலும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்; முடிவைச் சொன்னபின் வரும் மௌனத்தை அறிவுரையால் நிரப்பாமல் இருக்கப் பழகுங்கள்.

ஒப்புதலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் (தடுப்பு, கட்டுப்பாடு) சட்டப்படி, அறிந்து தரும் ஒப்புதலில் சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தருவதும் அடக்கம். கர்ப்பிணியிடம் "எல்லா டெஸ்டும் எடுக்கணும்மா" என்று சொல்லி ரத்தம் எடுப்பது ஒப்புதல் ஆகாது. தாய்க்குத் தொற்று இருந்தாலும் உரிய காலத்தில் மருந்து தொடங்கினால் குழந்தைக்குப் பரவாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்று இரண்டு வாக்கியத்தில் விளக்கினால், அவரே கையை நீட்டுவார்.

1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில், நாட்டிலேயே முதன்முறையாக, இத்தொற்றைக் கண்டறிந்தபோது அதற்கு மருந்து இல்லை. அந்தக் காலத்து அச்சம் இன்னும் நம் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றோ, தொற்று உறுதியானவர் எவரும் காத்திருக்க வேண்டியதில்லை, அரசின் ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் சிகிச்சை தரும் மையம்) கூட்டு மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் குரலில் அந்த உறுதி தெரிய வேண்டும். தொற்று இல்லை என்று வந்தவரையும் அவசரமாக அனுப்பிவிடாதீர்கள். அண்மையில் ஆபத்துக்கு ஆளாகியிருந்தால் தொற்று இன்னும் சோதனையில் தெரியாமல் இருக்கலாம், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கணவரின் முடிவை மனைவி வந்து கேட்டால் நான் என்ன செய்வது? ஒரே ஊர், தெரிந்த முகங்கள். (அதே வாசகர்)

பதில்: சொல்லக்கூடாது. துணைக்குத் தெரிவிக்கும் அனுமதியைச் சட்டம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே தந்திருக்கிறது. அதுவும், தாமே சொல்லும்படி முதலில் தொற்றுள்ளவருக்கு ஆலோசனை தந்து, அவர் சொல்லமாட்டார் என்று உறுதியான பிறகு, அவருக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டுத்தான். தொற்றுள்ளவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அடி உதைக்கோ கைவிடப்படுவதற்கோ ஆளாவார் என்ற அச்சம் இருந்தால் அதையும் செய்யக்கூடாது. அந்த மனைவியிடம், "யாருடைய முடிவையும் நாங்கள் வேறு எவருக்கும் சொல்வதில்லை, உங்களுடையதையும் அப்படித்தான் காப்போம். நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள். தொற்று இருப்பவர், இல்லாதவர் என்று பாராமல் எல்லாருடைய வீட்டாருக்கும் இதே பதிலைச் சொல்லி வாருங்கள். சிலருக்கு மட்டும் சொன்னால், அந்தப் பதிலே ஊருக்கு முடிவைச் சொல்லிவிடும்.