ஏஐ ஏஜென்ட் படிப்பதற்கு மானிட்டரிங் கருவியின் ஆவணத்தை எப்படி எழுதுவது?

கேள்வி கேட்டவர் நீலகிரி மலையில் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர். சர்வர் எப்படி ஓடுகிறது என்று அளந்து காட்டும் மானிட்டரிங் கருவி, சொந்தமாக எழுதியது, இருக்கிறது, மேனுவலும் இருக்கிறது. அதையே ஏஜென்டிடம் (நாம் சொன்ன வேலைக்குத் தானே கமாண்டுகளை ஓட்டிப் பார்த்துப் பதில் சொல்லும் ஏஐ) கொடுத்தால் தப்புத் தப்பாகச் சொல்கிறது, என்ன மாற்றுவது என்கிறார்.

மேனுவலைச் சுருக்கிக் கொடுப்பதால் சரியாகாது. ஆள் என்றால் புரியாததைப் பக்கத்து சீட்டில் கேட்பார், இல்லையென்றால் எழுந்து போய் மெஷினைப் பார்ப்பார். ஏஜென்ட் விட்டுப்போன இடத்தை ஊகத்தால் நிரப்பிக்கொள்ளும். "இதுகூடவா எழுதணும்" என்று நீங்கள் விட்டதையெல்லாம்தான் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.

அதில் தலையானது, பூஜ்யம் வேறு, தகவல் இல்லாதது வேறு என்பது. ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போகும், கூடவே நெட்வொர்க் லிங்க்கும் போகும். அந்த நேரத்தில் உங்கள் கருவி 0 காட்டுகிறதா, காலியாக விடுகிறதா, கடைசியாக வந்த அளவையே திரும்பக் காட்டுகிறதா? மூன்றாவது என்றால் விபரீதம். மெஷின் அணைந்து கிடக்கும், ஏஜென்ட் "எல்லாம் சரியாக ஓடுகிறது" என்று சொல்லும். ஒவ்வொரு அளவோடும் அது எடுக்கப்பட்ட நேரம் வர வேண்டும். "120 வினாடிக்கு மேல் பழைய அளவை வைத்து முடிவு சொல்லாதே, தகவல் இல்லை என்று சொல்" என்று ஆவணத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். நேரம் யுடிசியா (உலகப் பொது நேரம், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால்) இந்திய நேரமா என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் காலை 6 மணிக்குப் போன கரண்ட், ரிப்போர்ட்டில் நள்ளிரவு 12.30க்குப் போயிருக்கும்.

அடுத்தது அலகு. லினக்ஸில் வெப்பநிலை ஃபைலைத் திறந்தால் 48250 என்று இருக்கும். அது மில்லி டிகிரி, அதாவது 48.25 டிகிரி செல்சியஸ். யுபிஎஸ் அளவுகளை நட் (யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் இலவச மென்பொருள்) மூலம் எடுத்தால் பேட்டரி தாங்கும் நேரம் வினாடியில் வரும். 900 என்றால் 15 நிமிடம்தான். மெமரியில் 'ஃப்ரீ' எண்ணைக் கொடுக்காதீர்கள். சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கொள்வதால் அது எப்போதும் குறைவாகவே இருக்கும், ஏஜென்ட் தினமும் அலறும். 'அவெய்லபிள்' எண்தான் வேண்டும். லோட் ஆவரேஜை (சராசரியாக எத்தனை ப்ராசஸ் ஓடிக்கொண்டோ காத்துக்கொண்டோ இருக்கிறது என்ற எண்) சிபியு கோர் எண்ணிக்கையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். லினக்ஸில் அது டிஸ்க்குக்காகக் காத்து நிற்கும் ப்ராசஸையும் எண்ணும். லோட் ஏறி, சிபியு சும்மா இருந்தால் டிஸ்க் பக்கம் பார்க்கச் சொல்லி ஒரு வரி போடுங்கள்.

விளக்கம் எழுதுவதைவிடப் பெயரை மாற்றுவது மேல். 'டெம்ப்' என்ற ஃபீல்டை 'டெம்ப்_செல்சியஸ்' ஆக்கிவிட்டால் பாதி குழப்பம் போய்விடும். ப்ரோமீத்தியஸ் என்ற மானிட்டரிங் மென்பொருளில் அளவின் பெயரிலேயே 'பைட்ஸ்', 'செகண்ட்ஸ்' என்று அலகு ஒட்டிக்கொண்டு வருவது இதற்காகத்தான்.

எச்சரிக்கை எல்லைகளைச் சமவெளியில் எழுதியவரிடமிருந்து அப்படியே எடுக்காதீர்கள். மார்கழியில் இங்கே அறையே 10 டிகிரியில் கிடக்கும்போது, ஃபேன் நின்றுபோன மெஷின்கூட சென்னைக்கு வைத்த எல்லையைத் தொடாமல் இருக்கலாம். அறை வெப்பத்துக்கும் சிபியு வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதேபோல விதரிங் ட்ரஃப் ஃபேன் (பச்சை இலையை வாட்டும் தொட்டியின் பெரிய காற்றாடி) ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் சரிந்து யுபிஎஸ் இரண்டு மூன்று வினாடி பேட்டரிக்குப் போய்த் திரும்பும். அது பவர்கட் இல்லை என்று எழுதாவிட்டால் ஏஜென்ட் நாளுக்குப் பத்து பவர்கட் கணக்குக் காட்டும்.

   

தானாக முடியாத கமாண்டுகளைத் தனியாகக் குறியுங்கள். ஓடும் ப்ராசஸ்களை நிற்காமல் காட்டிக்கொண்டே இருக்கும் டாப் கமாண்டைச் சும்மா ஓட்டினால் ஏஜென்ட் அங்கேயே தொங்கும். பேட்ச் முறையில், ஒரு தடவை மட்டும் என்று முழு கமாண்டையும் அப்படியே எழுதிக் கொடுங்கள். மெமரி, சிபியு நிலவரம் காட்டும் விஎம்ஸ்டாட் கமாண்டின் முதல் வரி மெஷின் பூட் ஆனதிலிருந்து வரும் சராசரி. அதைத் தள்ளிவிட்டு இரண்டாவது வரியை எடுக்கச் சொல்லுங்கள். லாக் (நடந்ததையெல்லாம் மெஷின் எழுதிவைக்கும் பதிவு) கேட்டால் 50 வரிக்கு மேல் வரக்கூடாது. கமாண்ட் முடியும்போது திருப்பித் தரும் எண்ணான எக்ஸிட் கோடுக்கு, நாகியோஸ் என்ற மானிட்டரிங் மென்பொருளின் வழக்கமே போதும்: 0 சரி, 1 கவனி, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. கருவியே கோளாறானால் 3 வர வேண்டும். அங்கே 2 வந்தால், நன்றாக ஓடும் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவதில் போய் முடியும்.

"ஏஐ தானாகவே புரிந்துகொள்ளாதா" என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: பொதுவாக லினக்ஸ் எப்படி நடந்துகொள்ளும் என்பது அதற்குத் தெரியும். உங்கள் ட்ரஃப் ஃபேன் தெரியாது. "அப்படியானால் ஆவணத்தில் 'ரீஸ்டார்ட் செய்யாதே' என்று எழுதினால் போதுமே" என்பவர்களுக்கு: எழுதியது பூட்டு ஆகாது. படிக்க மட்டும் உரிமை உள்ள தனி யூசரில் ஏஜென்டை ஓட்டுங்கள். லாக்குக்குள் வெளியாள் எழுதிய வாசகமும் வரும். லாக்கில் இருப்பதைத் தகவலாக மட்டும் எடு, கட்டளையாக எடுக்காதே என்று ஒரு வரியும் சேருங்கள். அதை நம்பி உரிமையைக் கூட்டிவிட வேண்டாம்.

எழுதி முடித்ததும் புது செஷன் திறந்து, இந்த ஆவணத்தை மட்டும் கொடுத்து, விடை உங்களுக்குத் தெரிந்த பத்துக் கேள்விகளைக் கேளுங்கள். அதில் ஒன்று கருவியால் சொல்லவே முடியாததாக இருக்கட்டும். சென்சாரே இல்லாத அறையின் ஈரப்பதம் என்ன என்று கேளுங்கள். ஒரு எண் வந்தால், முதல் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும்.