எஸ்.ஜி.பி.டி. குறைந்தால் ஆயுளும் குறையுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது, எடை 44 கிலோ. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 8 என்று வந்திருக்கிறது. ‘கல்லீரல் சுத்தமா இருக்கு’ என்றார் லேப்காரர். ஆனால் வயதானவர்களுக்கு இது குறைந்தால் ஆயுள் குறைவு என்று வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இதைக் கூட்ட மருந்து உண்டா, டாக்டர்? – வாசகி, கும்பகோணம்.

பதில்: லேப்காரர் சொன்னதிலும் தப்பில்லை, வாட்ஸ்அப்பில் வந்ததிலும் பாதி உண்மை. மருந்துதான் கிடையாது, தேவையும் இல்லை.

எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதி. செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். அதனால்தான் எண் ஏறினால் கொழுப்புக் கல்லீரலா, மதுவா, வைரஸா, ஏதாவது மாத்திரையா என்று தேடுகிறோம். இறங்கினால் யாரும் கண்டுகொள்வதில்லை.

சிட்னியில் 70 வயது தாண்டிய ஆண்களைக் கவனித்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த அளவு குறைவாக இருந்தவர்கள் சீக்கிரம் இறந்தது தெரிந்தது. அதோடு வாட்ஸ்அப் நின்றுவிட்டது. வயதையும் உடல் நலிவையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு மறைந்துபோனது என்பதுதான் அந்த ஆய்வின் முக்கியமான வரி. ஆக, ஆளைச் சாய்ப்பது இந்த 8 அல்ல, நலிவு. வயதாக ஆகக் கல்லீரல் கொஞ்சம் சுருங்குகிறது, தசை கரைகிறது (இந்த நொதி தசையிலும் சிறிது உண்டு), சாப்பாடு குறைந்தால் நொதி வேலை செய்யத் தேவையான பி6 வைட்டமினும் குறைகிறது. எல்லாம் சேர்ந்து எண்ணை இறக்குகின்றன. அதற்காக பி6 மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அதிக அளவில் மாதக்கணக்கில் போட்டால் நரம்பைக் கெடுக்கும்.

எனக்கு 8-ஐ விட அந்த 44 கிலோதான் உறுத்துகிறது. போன வருடம் எவ்வளவு இருந்தார்? புடவை பிளவுஸ் தொளதொளக்கிறதா? தையல் டேப்பை எடுத்து அம்மாவின் கெண்டைக்கால் சதையைச் சுற்றி, பருத்த இடத்தில் அளந்து பாருங்கள். ஆசியப் பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே போனால் தசை குறைந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் பலம் போதவில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். ‘வயசாச்சு, ரசஞ்சாதம் போதும்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும், நாமும் சரியென்று விட்டுவிடுவதும்தான் பாதி வினை. முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அம்மாவுக்கு 44 முதல் 53 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். சாம்பாரில் மிதக்கும் பருப்பை வைத்து இதை எட்ட முடியாது. கெட்டிப் பருப்பு, சுண்டல், தயிர், பழக்கம் இருந்தால் மீன், முட்டை என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள். நாற்காலியில் எழுந்து உட்காருவதையே தினமும் பயிற்சியாகச் செய்யச் சொல்லலாம்.

காரணமில்லாமல் எடை இறங்கியிருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு, சில சமயம் புற்றுநோய் வரை பார்க்க வேண்டியிருக்கும். பல் செட் சரியாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். மெல்ல முடியாமல் தட்டை ஒதுக்குகிறவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.