ஐம்பதுக்கு மேல் டெஸ்டோஸ்டிரோன்: ஊசிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: வயது ஏற ஏற டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையாமல் பார்த்துக்கொண்டால் உடம்புக்கு என்ன நன்மை? குறைந்துவிட்டால் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

நான் டாக்டர் இல்லை. கடலூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிற, ஐம்பதைத் தாண்டிய ஆள். எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முன்பெல்லாம் சுகர், பிபி என்றுதான் பேச்சு ஓடும். இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் லேப்காரர்கள் இதையும் கட்டித் தந்துவிடுகிறார்கள், அதுதான் காரணம்.

இதை வெறும் படுக்கையறை விஷயமாகவே நினைக்கிறோம். தசை வற்றாமல் இருப்பதற்கும், எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு ஊறுவதற்கும் இது வேண்டும். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் பெண்களைவிடக் கூடுதலாக இருப்பதே இதனால்தான். இதில் ஒரு பங்கு உடம்புக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறி எலும்பைக் காக்கிறது. ஆணுக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அளவு நிஜமாகவே கீழே போனவர்களுக்கு ஆசை குறையும், காலையில் விறைப்பு வராது, மனசு சோர்ந்து கிடக்கும், காரணம் தெரியாத ரத்தசோகைகூட வரும்.

சரி, குறைந்தவர்களுக்கு வெளியிலிருந்து கொடுத்தால் இதெல்லாம் திரும்பி வருமா? அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, அளவு குறைந்த ஆண்களுக்கு ஒரு வருடம் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசிப் பார்த்தார்கள். 2016, 2017-ல் முடிவுகள் வந்தன. ஆசை கூடியது, மனநிலை கொஞ்சம் தெளிந்தது, ரத்தசோகை பலருக்குச் சரியானது, எலும்பு அடர்த்தி ஏறியது. ஞாபகசக்தியில் மாற்றமே இல்லை. உடம்புச் சோர்வு பறந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கும் சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. எலும்பு விஷயத்தில் ஒரு வேடிக்கை: அடர்த்தி ஏறியது உண்மை, ஆனால் பின்னால் நடந்த இன்னும் பெரிய ஆய்வில் ஜெல் பூசியவர்களுக்குத்தான் எலும்பு முறிவு கொஞ்சம் அதிகமாக இருந்தது. ஆக, இயற்கையாக நல்ல அளவு இருப்பதும், அந்த எண்ணை மருந்தால் ஏற்றிக்கொள்வதும் ஒன்றல்ல.

முப்பது, நாற்பதுக்கு மேல் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் குறைவது எல்லோருக்கும் உள்ளதுதான். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களிடம் நடத்திய ஆய்வில், அறிகுறியும் குறைந்த அளவும் சேர்ந்து இருந்தவர்கள் சுமார் 2 சதவீதம்தான். அளவைக் கீழே இழுப்பதில் பிறந்த தேதியைவிடத் தொப்பைக்குப் பங்கு அதிகம். கொழுப்பில் இருக்கும் ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. சுகர் சேர்ந்தால் இன்னும் இறங்கும். எடை இறங்கினால் அளவு தானாக ஏறும்.

எங்கள் பிளாண்டில் ஒரு தம்பி நைட் ஷிப்டு முடித்து நேராக மஞ்சக்குப்பத்தில் ஒரு லேபில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். மாலை தேவனாம்பட்டினம் பீச்சில் நடக்கும்போது போனை நீட்டினார். "அண்ணே, எல்லாம் முடிஞ்சுதுண்ணே." 262 என்று சிவப்பில் இருந்தது, 300-க்கு மேல் இருக்க வேண்டும். நான் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தேன். மூன்று மாத சுகர் சராசரி 7.4. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை, கண்ணில் பட்டிருந்தால்தானே! டாக்டரிடம் அனுப்பினேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு வாரம் இரவில் ஒழுங்காகத் தூங்கிவிட்டு, காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் திரும்பக் கொடுக்கச் சொன்னார். 390 வந்தது. சுகருக்குத்தான் மாத்திரை எழுதினார்.

இந்த ஹார்மோன் பெரும்பாலும் தூக்கத்தில் ஏறி, விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். இளைஞர்களையே ஒரு வாரம் தினம் 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது பகல் அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. அதனால்தான் காலை பத்து மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாளில் பார்த்துக் குறைவாக இருந்தால்தான் குறைவு என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நைட் ஷிப்டு முடித்த கையோடு கொடுத்த ரத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

குடியும் ஒரு காரணம். சம்பளம் வந்த சனிக்கிழமை ஆல்பேட்டை தாண்டி, புதுச்சேரி எல்லையில் மதுக்கடைகள் இருக்கும் முள்ளோடைப் பக்கம் வண்டியை விடுகிறவர்களுக்கு நான் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் தொடர்ந்து குடித்தால் விதைப்பையும் ஈரலும் சேர்ந்து அடி வாங்கும்.

அப்புறம் ஊசி. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, விதைப்பையில் அடி, புற்றுநோய்க்குக் கீமோ என்று நிஜமான காரணம் இருக்கிறவர்களுக்கு அது தேவையான வைத்தியம், தயங்கவே கூடாது. மற்றவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து வந்தால், போதும் என்று மூளை சிக்னலை நிறுத்திவிடும்; விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று போட்டுக்கொண்ட பையன்கள் கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஏறுவது இப்படித்தான். ரத்தம் கெட்டிப்படலாம், அதனால் விடாமல் டெஸ்ட் எடுக்க வேண்டும். 2023-ல் வந்த ஆய்வில், 45 முதல் 80 வயதுவரை இதய நோய் உள்ள அல்லது வரக்கூடிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களில், ஜெல் பூசியவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவதும் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும் கூடின. புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) பரிசோதனை இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

அமுக்கரா சூரணம் பற்றிக் கேட்பீர்கள். சில சிறிய ஆய்வுகளில் அளவு ஓரளவு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். குதிரைப் படம் போட்ட டப்பா லேகியத்துக்குக் கொடுக்கிற காசில் முதுநகர் மீன் வாங்கிச் சாப்பிடலாம். எடை தூக்கும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் செய்தால் தசைக்கும் எலும்புக்கும் நல்லது, ஹார்மோன் அளவு எப்படி இருந்தாலும்.

இரண்டு தடவையும் குறைவாக வந்து, அறிகுறியும் இருந்தால் ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மரில் இதற்கென்றே எண்டோகிரைனாலஜி பிரிவு இருக்கிறது. போகும் முன் ராத்திரி குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டு போங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் டாக்டர் முதலில் அதைத்தான் சரிசெய்யச் சொல்வார், ஊசிப் பேச்சு அதற்கப்புறம்தான்.