ஏசி பெட்டியா, திறந்த ஜன்னலா?

கேள்வி: அம்மாவோடு ஹட்டனிலிருந்து பதுளைக்குப் போகிறேன். கோச்சியில் (ரயிலில்) முதல் வகுப்பு ஏசி பெட்டி எடுக்கலாமா?
– வாசகி, டிக்கோயா

பதில்: அம்மாவுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாதென்றால் எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம் மகள். 2012 இல் சீனாவிலிருந்து வந்த எஸ் 12 ரகக் கோச்சிகளில் ஏசி பெட்டி ஜன்னலைத் திறக்கவே முடியாது. வழியில் ஆறாயிரம் அடிக்கும் மேலே குளிரில் இருக்கும் பட்டிப்பொலை நிலையத்தைத் தாண்டிப் போக ஏசிக்குக் காசா? ஒரு மார்கழியில் அப்படிப் போய், மூச்சுக்காற்றில் மங்கிய கண்ணாடியைச் சால்வையால் துடைத்துத் துடைத்தே கை ஓய்ந்தது. தோட்டம் பார்த்தேனா? எங்கே!

இரண்டாம் வகுப்பில் மின்விசிறி இருக்கிறது, ஜன்னலும் திறக்கும். தேயிலை வாடை தானாக உள்ளே வரும். பருப்பு வடைக்காரரும் வருவார், சில்லறை வைத்திருங்கள். அப்புறம், எல்ல நிலையம் தாண்டியதும் ஒன்பது வளைவுப் பாலம். அம்மாவை அதற்கு முன்பே எழுப்பிவிடுங்கள்.